கூட நிற்கும் காலம்

பணி ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு வகை மனிதர்கள் வருகிறார்கள். வனவியல் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஒரு வகை. நாற்றங்கால் நடத்துகிறவர்கள், மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்கள், காகித ஆலைக்குச் சவுக்கும் தைலமரமும் ஏற்றி அனுப்புகிறவர்கள் இன்னொரு வகை. வேலை இல்லை என்று முதலாமவர்கள் சொல்கிறார்கள். வேலை தெரிந்த ஆள் இல்லை என்று இரண்டாமவர்கள் சொல்கிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தைப் பற்றித்தான், பிள்ளைகளே, உங்களிடம் பேச நினைக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே இடத்தில், ஒரே வேலையில், பருவம் பருவமாகச் சேர்ந்து நிற்கும் காலம் குறைந்துவிட்டது. காட்டுத் தொழிலில் கை தேர்ந்தவர்கள் அருகிப்போனதற்கு நான் காணும் முதல் காரணம் அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இந்திய வனக் கல்வியின் தொடக்கத்தைப் பாருங்கள். 1856-ல் மதராஸ் மாகாணத்துக்கென ஒரு வனத்துறை கிளெக்கார்ன் தலைமையில் அமைந்தது. அதே ஆண்டில் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் பர்மாவின் பெகுக் காடுகளைப் பார்க்க வந்து சேர்ந்தார். தாவரவியல் கற்றவர். எத்தனை தேக்கு இருக்கிறது, எவ்வளவு வெட்டலாம் என்று யாருக்கும் தெரியாத காலம். அவர் யானைமேல் ஏறிக் காட்டுக்குள் போனார். இடது கையில் நான்கு மூங்கில் குச்சிகள், வலது கையில் ஒரு பேனாக்கத்தி. ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமனுக்கு. கண்ணில் படும் தேக்கு எந்தப் பருமனோ, அந்தக் குச்சியில் ஒரு வெட்டு. அந்தி சாயும்போது வெட்டுகளை எண்ணினால் அன்று கடந்த காட்டின் கணக்கு கையில் இருக்கும். பின்னாளில், 1864-ல், அவர் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1878-ல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். நம் கோவையில் மதராஸ் வனக் கல்லூரி 1912-ல் வந்தது. இந்த வரிசையை நான் மாணவர்களிடம் எப்போதும் சுட்டிக்காட்டுவேன். பள்ளிக்கூடம் கட்டியவர் அதற்கு முன்னால் யானைமேல் உட்கார்ந்து மரத்தின் பருமனைக் கண்ணால் எடைபோடப் பழகியவர்.

அந்தக் கண் எப்படி வருகிறது? நான் வனவராகச் சேர்ந்தபோது என்னை முதலில் ஒரு மரக்கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ரேஞ்சர் ஐயா அதிகம் பேசாதவர். தடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிற்பார். டேப்பை என் கையில் தருவார். ஆனால் சுற்ற விடமாட்டார். "முதல்ல சொல்லு, அப்புறம் சுத்து" என்பார். நான் சுற்றளவை ஊகித்துச் சொல்லவேண்டும். பிறகு டேப்பைச் சுற்றி, நான் சொன்னதற்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வார். திட்டமாட்டார். பாராட்டவும் மாட்டார்.

கிடங்கில் கன அளவு போடும் கணக்கு எளிது. சுற்றளவில் கால்பங்கை எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கவேண்டும். 160 சென்டிமீட்டர் சுற்றும் 3 மீட்டர் நீளமும் உள்ள தடி என்றால், 0.4 மீட்டரை 0.4-ஆல் பெருக்கி 3-ஆல் பெருக்க, 0.48 கனமீட்டர். தடியின் முழுக் கன அளவில் இது 78.5 விழுக்காடுதான் வரும். மிச்சம் பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் விட்டது என்று கிடங்குக்காரர்கள் சொல்வார்கள். கால்சுற்று முறை என்று பெயர். எட்டாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான். அப்படியிருக்க, ஊகிக்கச் சொல்லி ஏன் வதைக்கிறார் என்று எனக்கு அப்போது மனத்தாங்கல்.

வருடங்கள் போனபின் புரிந்தது. டேப் ஒரு தடியைத்தான் அளக்கும். காட்டுக்குள் நிற்பவனுக்கு முன்னால் இருப்பது ஆயிரம் மரம். எதை வெட்டுவது, எதை விடுவது, எது இன்னும் பத்து ஆண்டு நின்றால் இரட்டிப்பு விலை போகும் என்பதை அவன் நடந்துகொண்டே முடிவு செய்யவேண்டும். மரத்தை மார்புயரத்தில், தரையிலிருந்து 1.37 மீட்டரில் அளக்கவேண்டும் என்று புத்தகம் சொல்லும். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப்பக்கம் நின்று அளக்கவேண்டும் என்பதையும் சொல்லும். ஆனால் ஒரு பார்வையில் அதைக் காணும் பழக்கத்தைப் புத்தகத்தால் தரமுடியாது. தவறிய ஊகங்களை ஒருவர் பொறுமையாகப் பக்கத்தில் நின்று எழுதி வைத்தால்தான் அது வரும். அந்த நோட்டின் ஓரத்தில் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதற்கு மேல் ஒரு சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை.

ஆனைமலையில் தேக்கு நடவுக்குப் போனது அதற்குப் பின். டாப்ஸ்லிப் என்று இன்று சுற்றுலா போகிறீர்களே, வெட்டிய தடிகளை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் அது. அதனால் வந்த பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி அங்கே வந்தபோது, கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டி வெட்டி அந்த மலை வெகுவாகக் காலியாகி இருந்தது. வேரோடு தோண்டி எடுக்காமல், அடிமரத்தை விட்டு வெட்டி, மறுதாம்பு தழைக்கவிட்டுக் காட்டை மீட்க முனைந்தவர் அவர். புதிதாகத் தேக்கும் நடவைத்தார். 1933-ல் இறந்த பிறகு, அவர் விருப்பப்படி, அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு ஆட்களை அழைத்துப் போய்க் காட்டுகிறோம். நல்லதுதான். அந்தத் தேக்குகளை மண்ணில் இறக்கிய மலசர், காடர் பழங்குடியினரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கேரளத்து நிலம்பூரில் கொஞ்சம் மேல். அங்கே 1840-களில் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட முனைந்தபோது முதல் சில ஆண்டுகள் விதை சரிவர முளைக்கவே இல்லை. முயற்சியைக் கைக்கொண்டு தோட்டத்தை உருவாக்கியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர்க்காரர். 1846-ல் நட்ட பகுதி இன்னும் நிற்கிறது. அதற்குக் கனோலி பெயர்தான் என்றாலும், சாத்து மேனன் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

தேக்கு நடவு என்றால் செடியாக நடுவதல்ல. நாற்றங்காலில் ஓராண்டு வளர்ந்த கன்றைப் பிடுங்கி, தண்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஆணிவேரை ஒரு சாணளவு வைத்து நறுக்கி, பக்க வேர்களைச் சீவிவிட்டால் கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி மிஞ்சும். ஸ்டம்ப் என்போம். மழை இறங்கியதும் கடப்பாரையால் குழி குத்தி அதை நடவேண்டும். பார்ப்பதற்குச் சின்ன வேலை. எனக்கு அதைக் காட்டியவர் ஒரு மலசர் மூப்பர். கடப்பாரையை நேராக இறக்குவார். வேரின் நீளத்துக்கு மேல் ஒரு விரல்கூட ஆழம் போகாது. குச்சியை இறக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் நிற்கும்படி பிடித்துக்கொள்வார். பிறகு நான்கு விரல் தள்ளி மறுபடி கடப்பாரையைக் குத்தி, மண்ணை வேர்ப்பக்கமாக நெம்புவார். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நிற்கக்கூடாது. நின்றால் மழைநீர் தேங்கி வேர் அழுகும், அல்லது காய்ந்து போகும். குதிகாலால் ஒரு மிதி. அடுத்த குழி.

நானும் நட்டேன். அவர் நட்டதும் நான் நட்டதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. "இழுத்துப் பாருங்க சார்" என்றார். இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன். என்னுடையது கையோடு வந்தது. அவருடையது அசையவில்லை. அவர் சிரிக்கவில்லை, திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு பேச்சையும் என்னால் நினைவுகூர முடியவில்லை. நான் நட்டதை இழுத்துப் பார்ப்பார். வந்தால் என்னிடம் நீட்டுவார். அவ்வளவே. வரிசை முடியும் வரை மழையில் நின்றோம்; அட்டைகள் காலில் ஏறின; உப்பும் புகையிலையும் கட்டிய துணியால் தேய்த்து அவற்றை விழவைக்க அவர்தான் கற்றுத்தந்தார்.

அதை இன்று எடைபோட்டுப் பார்க்கிறேன். அவர் எனக்கு அதிகாரம் இல்லாத ஆசிரியர். நான் அவருக்கு மேலதிகாரி. கூலிப்பட்டியலில் என் கையெழுத்து இருந்தால்தான் அவருக்குக் கூலி. இப்படித் தலைகீழாக நிற்கும் உறவில் கற்பது எளிதல்ல. கற்பவனுக்குத் தாழ்மை வேண்டும். கற்பிப்பவருக்குத் துணிவு வேண்டும். பணிவில்லாதவனுக்குக் காடு பாடம் எடுப்பதில்லை. தண்டனை மட்டும் கொடுக்கும். பட்டத்தோடு வருகிற பிள்ளைகள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான் என்று கண்டிருக்கிறேன். படித்ததைத் துறக்கவேண்டாம். படிக்காதவர் கையில் இருப்பதும் படிப்புதான் என்று ஏற்றுக்கொண்டால் போதும்.

நாற்றங்காலிலும் இதே கதைதான், ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பை நிரப்பும் வேலையில் ஒரு அம்மாள் இருந்தார். பையைக் கையில் தூக்கிப் பார்த்தே நேற்று தண்ணீர் விட்டதா, விட்டது அடிவரை இறங்கியதா என்று சொல்வார். சோறு பதம் பார்க்கும் கைக்கு அளவுகோல் வேண்டுமா? பையில் அதிக நாள் கிடந்த கன்றை அவர் நடவுக்கு அனுப்ப விடமாட்டார். வேர் பைக்குள்ளேயே சுருண்டு போயிருக்கும், அந்தச் சுருள் மண்ணுக்குள் போனபின்னும் நிமிராது, மரம் பெரிதானபின் காற்றில் சாயும். 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது இலக்கு என்றார்கள். கோடிக்கணக்கில் கன்றுகள் வேண்டும். கன்றை எண்ணுகிறோம், பையைத் தூக்கிப் பார்க்கும் கைகளை எண்ணியிருக்கிறோமா?

இனி வெட்டுவதைப் பற்றி. இங்கே என் குரல் கொஞ்சம் கடுமையாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைச் சாய்க்க ஒரு முறை இருக்கிறது. விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுக்கவேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்தில், அந்த வாய்க்குச் சற்று மேலே, பின்னிருந்து அறுத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டும் சந்திக்கக்கூடாது. நடுவில் ஒரு பட்டை மரம் கீலாக நிற்கவேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைச் சொன்ன திசையில் கொண்டுபோய் இறக்கும். கீலையும் அறுத்துவிட்டால் மரம் யார் சொல்லையும் கேட்காது. தப்பி ஓடும் வழியைப் பின்பக்கம் சாய்வாக முன்பே சுத்தம் செய்து வைக்கவேண்டும். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா, கொடி பக்கத்து மரத்தோடு பிணைத்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே இரும்பைத் தொடவேண்டும். பழைய கோடரிக்காரர்கள் மரத்தை ஒருமுறை சுற்றிவந்து அண்ணாந்து பார்ப்பதைச் சடங்கு என்று நினைத்தவர்கள் உண்டு. அது கணக்கு.

இப்போது இயந்திர ரம்பம் வந்துவிட்டது. நல்ல கருவி. அதன் சங்கிலி ஓடும் தகட்டு நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் எகிறி அறுப்பவர் முகத்துக்கே திரும்பும் என்பதை முதல் நாளே சொல்லித்தரவேண்டும். ஓர் ஒப்பந்தக்காரரின் வெட்டுக் களத்தில், சேர்ந்த வாரத்திலேயே ஒரு பையனிடம் ரம்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். தலைக்கவசம் இல்லை, காலுக்குக் காப்பு இல்லை, பக்கத்தில் தெரிந்த ஆளும் இல்லை. தொடையில் வாங்கிக்கொண்டான். உயிர் தப்பியது அவன் தாய் செய்த தவம். நான் போய்ப் பார்த்தபோது, "அவனுக்குத் தைரியம் பத்தலைங்க" என்று ஒருவர் சொன்னார். அவன் கையில் தைரியம் மட்டும்தான் இருந்தது. வேறொன்றையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி. களத்தில் தேர்ந்தவரோடு வேலை, இடையிடையே தொழிற்பள்ளி, பயிலும் காலத்திலேயே மாதச் சம்பளம். நம் நாட்டிலும் 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. பட்டறைக்கு வரும் ஃபிட்டர் பையனுக்குப் பழகுநர் என்று ஒரு பெயரும் உதவித்தொகையும் உண்டு. நான் பார்த்த வெட்டுக் களங்களில் பையனுக்கு இருந்ததெல்லாம் அன்றைய கூலிதான்.

வெட்டுத் தெரியாதவன் வெட்டினால் ஆபத்து அவனுக்கு மட்டும் அல்ல. தைலமரத்தைத் தரையையொட்டி, சற்றுச் சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டினால் தண்ணீர் நிற்காமல் வடிந்து மறுதாம்பு நன்றாக எழும். கோணலாகக் கிழித்தால் அடுத்த வெட்டுக்கு அந்தத் தோட்டம் பாதிதான் தரும். இதற்கு நேர் எதிரான சிக்கல் முதுமலையில். சென்னா எனப்படும் அந்நிய மஞ்சள் கொன்றை அங்கே காட்டை அமுக்கிக்கொண்டு பரவியிருக்கிறது. அதை அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். வெறுமனே அறுத்துவிட்டால் ஒரு மரம் இருந்த இடத்தில் பல கிளைகளாகத் துளிர்த்து நிற்கும். சின்னதை வேரோடு பிடுங்கவேண்டும், பெரியதற்குப் பட்டையை உரித்து நின்றபடியே சாகவிடவேண்டும், பிறகும் ஆண்டுதோறும் திரும்பி வந்து பார்க்கவேண்டும். ஒரு மரம் தழைக்கவேண்டும் என்று வெட்டுவதற்கும் தழைக்கக்கூடாது என்று வெட்டுவதற்கும் வேறு வேறு கை வேண்டும். டன் கணக்கில் கூலி பேசும் இடத்தில் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம்?

கூட நிற்கும் காலத்தை வேலையின் அமைப்பிலேயே வைத்திருந்த ஓர் இடம் உண்டு. யானை முகாம்.

கோழிகமுத்தியிலும் தெப்பக்காட்டிலும் யானைக்கு ஒரு மாவுத்தர், ஒரு காவடி என்று இருவர். காவடி என்பவர் உதவியாளர். பெரும்பாலும் மகன், மருமகன், தம்பி மகன் என்று ஏதோ ஓர் உறவுக்காரப் பையன். இரவில் யானையைச் சங்கிலியோடு காட்டில் மேய விடுவார்கள். விடிந்ததும் அதைத் தேடிக் கொண்டுவருவது காவடியின் வேலை. சங்கிலி இழுபட்ட தடத்தைப் பனியில் பார்த்துப் போகவேண்டும். எங்கே நின்றது, எதைத் தின்றது, காட்டு யானைகளோடு சேர்ந்ததா, பிண்டம் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டே போவான். திரும்பி வந்து குளிப்பாட்டுவான், ராகியும் கொள்ளும் வேகவைத்து உருண்டை பிடிப்பான், தழை வெட்டுவான். யானையின் கழுத்தில் ஏற அவனுக்கு வெகுகாலம் இடமில்லை. ஏறும் நாள் வரும்போது யானைக்கு அவனைத் தெரிந்திருக்கும். அவனுக்கும் யானையைத் தெரிந்திருக்கும். தடி இழுத்த காலம் முடிந்தது. இயற்கைக் காட்டை வெட்டுவதை நிறுத்திவிட்டோம். முகாம் யானைகள் பல இப்போது காட்டு யானைகளைச் சமாளிக்க உதவும் கும்கிகள். ஆனால் மாவுத்தர், காவடி என்ற அந்த இரட்டை ஏற்பாடு நிற்கிறது. 2023-ல் நம் பாகன்களையும் காவடிகளையும் தாய்லாந்தின் யானைப் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது அரசு. சிலர் கேலி செய்தார்கள், இவர்களுக்கா யானை கற்பிக்கவேண்டும் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. தொழில் தெரிந்தவன் வேறொரு தொழில்காரன் பக்கத்தில் போய் நிற்பது எந்த வயதிலும் நல்லதே.

இந்தத் தேர்ச்சியின் பயன் எப்போது தெரியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2021-ல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலியைத் தேடினார்களே, நினைவிருக்கிறதா? டிரோன்கள் பறந்தன, தானியங்கிக் கேமராக்கள் கட்டினார்கள். அப்போதும் தடம் பார்க்கும் பழங்குடியினரும் கும்கிகளும் முன்னால் நடக்கவேண்டியிருந்தது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். கால்தடம் படிக்கிறவரை அந்த வாரம் விளம்பரம் கொடுத்து எடுத்திருக்க முடியாது.

சரி, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு வரும் இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது? சந்தனக் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் தோண்டியே எடுப்பார்கள். வாய்ச்சியால் வெள்ளைக்கட்டையைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் நிறுத்தி, தரம் பிரிக்கவேண்டும். விலாயத் புத், சைனா புத், பஞ்சம், கோட்லா, பகராதாத், வேர், ஜாஜ்போகல் என்று போகும். மொத்தம் 18 வகுப்புகள். கட்டையின் எடை, கோணல், பொந்து, நிறம் எல்லாம் பார்த்து ஒரு நொடியில் எந்தக் குவியலில் போடுவது என்று முடிவு செய்வார்கள். ஒரு வகுப்பு தவறினால் ஏலத்தில் பெரும் பணம் போகும். நான் அறிந்த ஒரு கிடங்கில் இதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் பெரும்பாலான அரசு வேலைகளுக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. அவர் ஓய்வுபெற்றார். அவர் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. பின்னர் ஆள் எடுத்தபோது நல்ல பையன்கள்தான் வந்தார்கள். வகுப்புகளின் பட்டியல் அச்சில் இருந்தது, அதை ஒப்பித்தார்கள். கட்டையைக் கையில் வாங்கி, "இது பஞ்சம் இல்ல, பாரு, இந்தப் பக்கம் பொந்து ஆரம்பிக்குது" என்று சொல்ல ஆள் இல்லை. பெரியவர் பக்கத்து ஊரில்தான் இருந்தார். அவரை அழைக்க விதியில் இடமில்லை என்றார்கள்.

அலுவலகத்தில் ஒரு பணியிடம் காலியானால்தான் அடுத்தவரை நியமிக்க முடியும். போகிறவர் போனபிறகே வருகிறவர் வரவேண்டும். கோப்பு எழுதும் வேலைக்கு இது பொருந்தலாம். எழுதி வைத்த கோப்பு அங்கே இருக்கும். கையில் இருக்கும் தொழிலுக்குப் பொருந்தாது. ஒரே இடத்துக்கு ஓராண்டு இரண்டு சம்பளமா என்று நிதித்துறையில் கேட்பார்கள். கேட்கட்டும். அறுபது ஆண்டு காத்திருந்து அறுவடை செய்யும் தேக்குக்கு ஒரே ஓர் ஆண்டு சம்பளம் கூடுதலாகச் செலவழிப்பது வீண் என்று எனக்குப் படவில்லை.

பெரியவர்கள் பக்கமும் குறையுண்டு. தொழிலை மூடி வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுத்தால் தன் மதிப்பு போய்விடும் என்று பயம். நாள்கூலியில் இருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானதும்கூட. பழகிய பையன் பாதிக் கூலிக்கு வந்து நின்றால் பெரியவரை யார் கூப்பிடுவார்கள்? கற்பிப்பதற்கென்று அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள், பிறகு பாருங்கள் என்று ஒப்பந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் மிகச் சிலர்.

பிள்ளைகளே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்வது என் வயதுக்கு எளிது. எதைப் பொறுப்பது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. மழையைப் பொறுங்கள். அட்டையைப் பொறுங்கள். உங்களுக்கு ஒன்றும் கற்பிக்கப்படவில்லை என்று தோன்றும் முதல் வருடத்தைப் பொறுங்கள். மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது அதுதான். நண்பர்கள் நகரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படம் அனுப்பும்போது வரும் மனச்சோர்வையும் பொறுங்கள். ஆனால் கொடுக்காத கூலியைப் பொறுக்கவேண்டாம். காப்பு இல்லாத ரம்பத்தைப் பொறுக்கவேண்டாம். காப்பீடு இல்லாமல் மரம் ஏறச் சொன்னால் ஏறவேண்டாம். பசியைத் தாங்குவதைத் தொழில் பக்தி என்று சொல்லி உங்களை யாராவது வைத்திருந்தால், அவர் உங்களுக்கு ஆசான் அல்லர். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காட்டில் கிடக்கும் பழங்குடிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர்களுக்கு நாம் பொறுமையைப் பாடமாக எடுக்கத் தகுதியுள்ளவர்கள்தானா என்று என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

எத்தனை வருடம் ஆகும் ஐயா என்று போன மாதம் ஒரு பெண்பிள்ளை கேட்டாள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்து முடித்தவள். அப்பா பனியன் கம்பெனியில் வேலை. நான் அவளுக்கு ஒரு காட்டின் ஆண்டைச் சொன்னேன். ஜூன் மழையில் நடவு. மழை விட்டதும் களை. ஐப்பசி மழைக்குப்பின் இன்னொரு களை. தை பிறந்ததும் தீத்தடுப்புக் கோடு வெட்டவேண்டும். மாசி, பங்குனியில் புகை எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் என்பதால் எங்கே நிற்கக்கூடாது என்பதை அப்போதுதான் கற்க முடியும். சித்திரையில் ஸ்டம்ப் எடுப்பு, விதைக்கு வெயில் காட்டி ஊறவைத்தல். இது ஒரு சுற்று. இரண்டாம் ஆண்டு நட்டதில் எத்தனை பிழைத்தது என்று எண்ணி, பட்டுப்போன இடத்தில் மாற்று நடவு. தான் செய்தது சரியா என்று முதல்முறை அந்த ஆண்டில்தான் தெரியும். ஓராண்டில் வேலையை விட்டவர்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. ஐந்தாம் ஆண்டு தின்னிங். நெருக்கத்தைக் குறைக்க எதை வெட்டுவது என்று மரத்தில் குறியிடும் வேலை. முத்திரைச் சுத்தியலை அதற்கு முன்னால் கையில் தரச்சொல்லிக் கேட்கவேண்டாம் என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிறகு, இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எதில் சேரட்டும் என்றாள். ஒன்றில் சம்பளம் கூடுதல். சம்பளத்தைக் கூச்சப்படாமல் பேசிக்கொள் அம்மா, அதோடு அங்கே யார் கூட நிற்கப்போகிறாய், அவர் இன்னும் எத்தனை காலம் வேலையில் இருப்பார் என்று இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். கேட்டுவிட்டு வந்தாள். சம்பளம் கூடுதலான இடத்தில் அப்படி யாரும் இல்லையாம். அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவேண்டுமாம். இன்னொன்றில் நாற்றங்கால் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார்; வருகிற வைகாசியோடு வேலையை விடுகிறார். அப்படியானால் தைக்குள் சேர்ந்துவிடு என்றேன். நடவுக்கு அவர் இருக்கமாட்டார். தீக்கோடும் விதையும் ஸ்டம்ப் எடுப்பும் அவரோடு கிடைக்கும்.